லில்லி நர்ஸ் அடித்து வைத்த வரிகள்

ஜுலைகா டீச்சருக்கு வயது முப்பத்திரண்டு. அவளுடைய ஒரே சீடர் இசக்கியப்பனுக்கு அறுபது. முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் விசிலும் பையுமாக அலைந்த கண்டக்டர். ஓய்வு பெற்ற மறு மாதமே கம்ப்யூட்டர் ரிப்பேர் கற்றுக்கொள்ளும் கிறுக்குப் பிடித்து, பாளையங்கோட்டையில் அவளுடைய மாடி அறைக்கு வந்து சேர்ந்தார். ஒரு நாளைக்கு நாற்பது கேள்வி கேட்பார். டீச்சர் நாலுக்குப் பதில் சொன்னால் அது நல்ல நாள்.

ஒரு காலை செல்வமேரி என்ற பெண் ஆட்டோவில் மஞ்சள் பூத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினாள்.

"எங்கம்மா லில்லி நர்ஸோடது. பிரசவ வார்டுல இருந்தாங்க. அவங்க கையில பிறந்த பிள்ளை ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி இதுல அடிச்சு வச்சிருக்காங்க. ஒன்பதாயிரத்துக்கு மேல இருக்கும்."

"அவங்க வரலியா?" என்றார் இசக்கியப்பன்.

"போன மாசம் தவறிட்டாங்க. என்னை எடுத்து வளத்தவங்க. நான் எப்படி அவங்ககிட்ட வந்தேன்னு கேட்டா, 'எழுதி வச்சிருக்கேன், எப்ப வேணுமோ பாத்துக்கோ'ம்பாங்க. எனக்குப் பயம். இதுவரைக்கும் பாக்கல."

டீச்சர் பெட்டியில் காதை வைத்து சுவிட்சைப் போட்டாள். உள்ளே டிஸ்க் முனகியது, திணறியது, பிறகு சுற்றத் தொடங்கியது.

"எந்திரிச்சிட்டு. அணைச்சா மறுபடி எந்திரிக்காது. யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது."

அந்த வரிகளை மாற்றி வைக்கச் செல்வமேரி வாங்கி வந்திருந்த புதிய கம்ப்யூட்டருக்குப் பழையதிலிருந்து ஒரு கேபிள் போட்டார்கள். புதியதைத் தயார் செய்யும் பொறுப்பு இசக்கியப்பனுக்கு. மனுஷர் அது எழுத்தை வாங்கும் வேகத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டி வைத்தார். டீச்சர் பழையதில் ஒரு சொல்லைத் தட்டினாள். புதியதில் கோணல்மாணலாக ஏதேதோ குறிகள் வந்து கொட்டின.

செல்வமேரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"அணைச்சுட்டுப் போட்டா சரியாயிரும்," என்று இசக்கியப்பனின் கை சுவிட்சுக்குப் போனது. டீச்சர் அந்தக் கையைப் பிடித்து அவர் மடியிலேயே வைத்தாள். பிறகு புதியதன் வேகத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். பழையது எவ்வளவு மெதுவோ அவ்வளவு மெதுவாக.

அவருக்குப் பொறுக்கவில்லை. "இம்புட்டு வேகமா ஓடுறத எதுக்கு டீச்சர் கட்டிப் போடணும்?"

டீச்சர் பழையதன் பக்கம் திரும்பினாள்.

லில்லி நர்ஸின் வரிகளை அனுப்பும்படி அதில் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. டிஸ்க் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"செத்துப் போச்சா?" என்றார் இசக்கியப்பன்.

"காத்திருக்கு. இவன் கூப்பிடணும்," என்று டீச்சர் புதியதில் ஒரு பொத்தானைத் தட்டினாள்.

புதியது கூப்பிட்டது. உடனே பழையது ஒரு பிடி எழுத்தை அனுப்பியது, நின்றது. புதியது 'வந்தது' என்றது. அடுத்த பிடி. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தாள் லில்லி நர்ஸ். டீச்சர் அதை வாய்விட்டு வாசித்தாள்.

"ஆண். மூணு கிலோ. தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுகை. பெண். ரெண்டு கிலோ எழுநூறு. அழவில்லை, என்னையே பார்த்தது. ஆண், கூடவே இன்னொரு ஆண். தகப்பன் மயக்கம் போட்டான்."

இசக்கியப்பன் சிரித்தார். சிரித்தபடியே காலை நீட்டியதில் கேபிள் ஆடிவிட்டது. வரி குழம்பியது. அவருக்கு உயிரே போய்விட்டது. புதியது 'வரவில்லை' என்றது. பழையது அதே பிடியை, ஓர் எழுத்து மாறாமல், முதல் தடவை அனுப்புவதுபோல மறுபடி அனுப்பியது.

"கோவமே வரலியே இதுக்கு," என்றார் மெதுவாக. அதன் பிறகு அவர் காலை அசைக்கவில்லை. பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். எந்தெந்த ஊரிலோ இன்று வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் அத்தனை பேரும் பிறந்த தேதி, நேரத்தோடு அந்தத் திரையில் ஏறினார்கள். இத்தனை பேரை வருஷக்கணக்காகப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒரு பெட்டி பேசாமல் கிடந்திருக்கிறது என்று நினைத்தபோது அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டார்.

மதியம் ஒரு மணிக்கு டீச்சர் சட்டென்று வாசிப்பதை நிறுத்தி, திரையைச் செல்வமேரி பக்கம் திருப்பினாள். அதில் வந்திருந்த தேதி, காலையில் அவள் சொல்லியிருந்த அவளுடைய பிறந்த நாள்.

செல்வமேரி தானே வாசித்தாள்.

"பெண். ஒரு கிலோ நானூறு. தாய் பிழைக்கவில்லை. ஒன்பது நாள் பார்த்தேன், கேட்டு யாரும் வரவில்லை. வந்துவிடுவார்களோ என்று பத்தாவது நாள் பயந்தேன். நானே தூக்கிக்கொண்டேன்."

புதியது 'வந்தது' என்றது. செல்வமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பழைய பெட்டியின் மேல் தலையைச் சாய்த்து அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை. பழையது அடுத்த பிள்ளையை அனுப்பியது.

கடைசி வரி வந்து சேர்ந்ததும் டீச்சர் சுவிட்சைக் காட்டினாள். செல்வமேரியே அணைத்தாள். இரண்டு பெட்டிகளையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து இசக்கியப்பன் வெகுநேரம் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், காலையில கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. வேகமா ஓடுறத எதுக்குக் கட்டிப் போடணும்?"

"கைப்பிள்ளையோட ஒருத்தி பின்படியில ஏறிட்டு இருக்கா, அண்ணாச்சி. முன்னாடி என்ஜின் உறுமிட்டு நிக்கி. விசில் உங்க வாயில இருக்கு. அப்ப எங்க பாப்பிய, ரோட்டையா, படியையா?"

"படியைத்தான். அவ ஏறி முடியுற வரைக்கும் விசில் கிடையாது," என்றார் இசக்கியப்பன். சுற்றி முடித்த கேபிளை ஆணியில் மாட்டினார்.