உட்காராதவன்

ஜுராந்திருக்கு இருந்தது ஒரே ஒரு சந்தேகம். பிரேசிலின் மனாஸ் நகரத்துப் பயிற்சிக் கூடத்தில் அதைக் கேட்டுக் கேட்டே அவனுக்கு முன்தலை வழுக்கையாகிவிட்டது.

"அன்னிக்கு உங்களுக்கு எங்கேயிருந்து மாஸ்டர் அவ்வளவு மூச்சு?"

அவனுடைய குரு எவால்டோ அவனைவிட ஒரு வயது இளையவர். குருவாவதற்கு முன் எதிராளி. கம்பி வலைக் கூண்டுக்குள் நடக்கும் சண்டையில் ஜுராந்திரின் முதல் மோதலே அவரோடுதான். இரண்டு சுற்று இருவரும் சளைக்காமல் மோதினார்கள். இடைவேளையில் ஜுராந்திர் ஸ்டூலில் பொத்தென்று விழுந்தான். எதிர் மூலையில் எவால்டோ உட்காரவே இல்லை. இடுப்பில் கை வைத்து, நின்றபடி சிரித்தார். அதைப் பார்த்ததும் ஜுராந்திருக்குப் பாதி உயிர் போய்விட்டது. மூன்றாம் சுற்றில் அவருடைய கழுத்துப் பிடியில் சிக்கி, தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டான்.

மறுநாளே அவரிடம் போய்ச் சிஷ்யனாகச் சேர்ந்தான். அதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

அவன் கேட்கும்போதெல்லாம் எவால்டோவிடமிருந்து ஒரே பதில்தான் வரும்.

"போய் பாயைத் துடை."

பயிற்சிக் கூடத்துத் தரையில் விரித்திருந்த பாயைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே ஜெயித்தான். ரியோவில் ஜெயித்தான், சாவோ பாலோவில் ஜெயித்தான். மூக்கு உடைந்தது, தோள் கழன்றது, அப்புறமும் ஜெயித்தான். முப்பத்தேழாம் வயதில் ஒருவழியாகப் பட்டத்துக்கான சண்டை கிடைத்தது. இதை விட்டால் இன்னொன்று கிடைக்காது என்பது அவனுக்கும் தெரியும், அவன் மனைவிக்கும் தெரியும்.

சாம்பியன் பெயர் ரொமுலோ. அன்று அரங்கம் கொதித்தது. நான்கு சுற்றுகளில் ஆளுக்கு இரண்டு. கடைசிச் சுற்றை எடுப்பவனுக்கே பட்டம். ஜனங்கள் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார்கள்.

ஜுராந்திர் தன் மூலைக்கு வந்து ஸ்டூலில் விழுந்தான். எவால்டோ அவன் பிடரியில் ஐஸ் பையை வைத்து அழுத்தினார்.

"மாஸ்டர், அவனைப் பாருங்க."

"பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

"ஒரு இடைவேளையில கூட உட்காரல. நின்னுக்கிட்டே சிரிக்கிறான். இவன் மனுஷனா?"

"தண்ணி குடி."

"என்னால ஆகாது மாஸ்டர். தோத்துட்டோம்னு துண்டை வீசிடுங்க. நிறுத்திக்குவோம்."

எவால்டோ தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைக் கையில் எடுத்தார். ஜுராந்திர் கண்ணை மூடிக்கொண்டான். துண்டு கூண்டுக்குள் போய் விழவில்லை. அவன் புருவத்து ரத்தத்தைத் துடைத்தது.

"எங்கேயிருந்து மூச்சுன்னு கேட்டுக்கிட்டே இருப்பியே. சொல்லட்டுமா?"

"இப்பவா?"

"இப்பதான். அன்னிக்கு நான் உட்கார்ந்திருந்தா, என்னால எழுந்திருச்சிருக்க முடியாதுடா."

ஜுராந்திர் கண்ணைத் திறந்தான்.

"அவன் சிரிப்பைப் பார்க்காத. இடது கையைப் பாரு."

எதிர் மூலையில் ரொமுலோ சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அவனுடைய இடது கை முதுகுக்குப் பின்னால் கூண்டின் கம்பி வலையைப் பற்றியிருந்தது. பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

நடுவர் அழைத்தார். ஜுராந்திர் எழுந்தான். இப்போது அவனுக்குச் சிரிப்பு வந்தது.

வலையை விட்டதும் ரொமுலோவின் முழங்கால் லேசாக மடங்கியது. அதற்குத்தான் ஜுராந்திர் காத்திருந்தான். ஒரே பாய்ச்சலில் இரண்டு காலையும் வாரித் தரையில் சாய்த்தான். ரொமுலோ புரண்டான், திமிறினான், முழங்கையால் இடித்தான். ஜுராந்திர் விடவில்லை. முதுகில் ஏறிக் கழுத்துக்குக் கை கொடுத்து இறுக்கினான். அரங்கத்தில் யார் என்ன கத்தினார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. ரொமுலோவின் கை உயர்ந்தது, தரையைத் தட்டியது.

ஒலிவாங்கியோடு ஒருவர் ஓடி வந்தார்.

"இந்த வயசுல எங்கேயிருந்துங்க இவ்வளவு மூச்சு?"

"பாய் துடைச்சேங்க," என்றான் ஜுராந்திர்.

உடை மாற்றும் அறையில் பட்டத்து பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் குருவிடம் வந்தான். சந்தோஷம் தாங்கவில்லை. கோபமும் கொஞ்சம் இருந்தது.

"ஏன் மாஸ்டர், இத்தனை வருஷம் சொல்லாமலே இருந்துட்டீங்க?"

எவால்டோ துண்டை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"முதல் நாளே சொல்லியிருந்தா, நீ எங்கிட்ட சேர்ந்திருப்பியா?"

ஜுராந்திர் பெல்ட்டைத் தோளிலிருந்து இறக்கி வைத்தான். பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்து, குருவுக்கு முன்னால் போட்டான்.