லீதியாள் கேட்ட கடிதம்

"என் சபையில யார் சொல்றது உண்மைன்னு எனக்குத் தெரியல, அம்மா."

உட்காருவதற்கு முன்பே போதகர் தேவஇரக்கம் ஐயர் இதைச் சொன்னார்.

பரிபூரணம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். கட்டிலில் கிடந்த பெண்ணுக்குப் புற்று முற்றியிருந்தது. ஒரு வாய் விழுங்க வெகுநேரம் எடுத்தது.

பரிபூரணம் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் இருபது வருடம் நர்சாக இருந்தவர். இப்போது மலையடிவாரத்தில் இரண்டு அறை வீடு, நான்கு கட்டில்கள். வீட்டார் கைவிட்ட நோயாளிகளைக் கடைசிவரை வைத்துப் பார்ப்பார். ஐயரைவிடப் பதினோரு வயது இளையவர். பட்டமும் இல்லை, அங்கியும் இல்லை. ஆனாலும் சுற்றுவட்டாரத்துப் போதகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் அவரிடம் வந்து போவார்கள்.

ஐயருக்கு முப்பது வருட ஊழியம். அதில் அவர் நன்றாகக் கற்றுக்கொண்டது சந்தேகப்படுவதை.

சாட்சி சொல்கிறவன் எதற்காகச் சொல்கிறான், அழுகிறவள் யார் பார்க்க அழுகிறாள், உபவாசம் என்று சொன்ன வீட்டில் ஏன் தாளிக்கிற வாசனை வருகிறது என்று அவர் மனம் தன்பாட்டுக்குக் கணக்கெடுக்கும். பிரசங்கத்தின் நடுவே சத்தமாக ஆமென் சொல்கிறவரை அவர் மறக்கமாட்டார். பெரும்பாலும் அவர் நினைத்தது சரியாகவும் இருந்தது. அதனால் பழக்கம் விடவில்லை.

இந்தத் தடவை சரியா என்று தெரியவில்லை.

லீதியாள் என்றொரு பெண். முப்பத்திரண்டு வயது. புருஷன் ஆசீர் குவைத்தில். அவன் இல்லாத வீட்டுக்கு வேறொருவன் வந்துபோவதாகச் சபையில் பேச்சு. சுற்றுச் சபைகள் சேர்ந்த சேகரத்தின் கமிட்டிச் செயலாளர் சாலொமோன் சார் ஐயரிடம் வந்து, இப்படிப்பட்டவளுக்குத் திருவிருந்து கொடுத்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார்.

மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் திருவிருந்து நாள். மரக் கிராதிக்கு முன்னால் முழங்காலிட்டவர்களில் லீதியாளும் இருந்தாள். ஐயர் அவளுக்கு இடதுபக்கம் இருந்தவள் கையில் அப்பத்தை வைத்தார். அடுத்து, வலதுபக்கம் இருந்தவள் கையில் வைத்தார்.

நடுவில் நீட்டிய கை அப்படியே இருந்தது.

கிண்ணமும் அவளைத் தாண்டிப் போனது. மற்றவர்கள் எழுந்தபோது அவளும் எழுந்தாள். இருக்கைக்குப் போகவில்லை. பக்கவாசல் வழியாக வெளியே போய்விட்டாள். அதற்குப் பிறகு கோயிலுக்கு வரவில்லை.

"நான் செஞ்சது சரியா?" என்று கேட்டார் ஐயர்.

பரிபூரணம் நோயாளியின் வாயைத் துடைத்தார்.

"யாரு பாத்தா?"

"ஊரே சொல்லுது."

"பாத்தவங்க ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க ஐயரே. கேட்டவங்க வேண்டாம்."



*

ஐயர் முதலில் சாலொமோன் சார் வீட்டுக்குப் போனார்.

சார் உறுதியாகச் சொன்னார்: ஒருவன் வருகிறான், தங்குகிறான். நேரில் பார்த்தீர்களா என்று கேட்டதும் குரல் இறங்கியது. தான் பார்க்கவில்லை, மனைவி சொன்னாள் என்றார்.

அவன் தங்குவதாகத் தான் சொல்லவேயில்லை என்றார் மனைவி கிரேஸ். பைக்கில் ஒருவன் வருவதாகத்தான் சொன்னாராம். அதையும் தையல் கடை ஹெலன் சொல்லிக் கேட்டது.

ஹெலன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். ஆள் வருவதாக யாரும் அவளிடம் சொல்லவில்லை. லீதியாள் வீட்டு வாசலில் ஒரு பைக் நிற்பதாகவும், அதைப் பற்றி மேலிடத்திலேயே விசாரணை நடப்பதாகவும் உபதேசியாரின் மனைவி சொன்னாள். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தபோது. அவ்வளவுதான்.

மேலிடம் என்ற வார்த்தையைக் கேட்டு ஐயர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு சபை வேலையில் தனக்கு உதவியாக இருந்த உபதேசியார் ஏசுவடியானைத் தேடிப் போனார்.

உபதேசியார் கோயிலில் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஐயர் கேட்டதும் அவருக்கு முகம் மாறியது. சொல்லவா வேண்டாமா என்று தயங்கினார்.

"யார் சொன்னாலும் பரவாயில்ல. எனக்குப் பேரு வேணும்" என்றார் ஐயர்.

"நீங்கதான் ஐயரே."

"நானா?"

"வீடு சந்திக்கப் போயிட்டு ரெண்டு பேரும் திரும்பி வந்தோம்லா. லீதியாள் வீட்டைத் தாண்டும்போது, வாசல்ல நிக்கது யார் பைக்குன்னு கேட்டீங்க. நான் வாயத் தொறக்கதுக்குள்ள 'ம்'ன்னு ஒரு மாதிரி சொல்லிட்டு நடந்தீங்க. உங்களுக்கு ஏதோ தெரியும்னு நெனச்சேன். வீட்ல வந்து சொன்னேன்."

ஐயருக்கு நினைவு வந்தது. கேட்டது நினைவு வந்தது. 'ம்' சொன்னது நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பார்.

"அது யார் பைக்?"

"ஆசீரோடதுதான். போன லீவுல வந்தப்போ வாங்கினான். ஓட்ட ஆளில்லாம நிக்கு."

"உமக்கு முன்னாலேயே தெரியுமா?"

"தெரியும்."

"பின்னே ஏன் சொல்லல?"

உபதேசியார் கையிலிருந்த புத்தகத்தின் அட்டையைத் தடவினார்.

"நீங்க கேக்கலியே ஐயரே. நீங்கதான் முடிவுக்கு வந்துட்டீங்களே."

*

மறுவாரம் ஐயர் மலையடிவாரத்துக்குப் போனார். பரிபூரணம் வாளியில் துணிகளை அலசிக்கொண்டிருந்தார்.

"பாத்தவங்களக் கூட்டிட்டு வந்தீங்களா?"

"வந்திருக்காரு."

பரிபூரணம் அவருக்குப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

ஐயர் உட்கார்ந்தார். லீதியாள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டு, அங்கேயே அவளுக்குத் திருவிருந்து கொடுக்கப்போவதாகச் சொன்னார்.

பரிபூரணம் துணிகளைப் பிழிந்து கொடியில் போட்டார்.

*

லீதியாள் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். காப்பி கொடுத்தாள்.

ஐயர் ஒன்றையும் மறைக்கவில்லை. பைக்கைப் பார்த்தது, தான் கேட்டது, பேச்சு வளர்ந்து தன்னிடமே திரும்பி வந்தது, அதை நம்பியது எல்லாம் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கோபம் இருந்ததா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டுத் திருவிருந்துக்குக் கொண்டுபோகிற சின்னப் பெட்டியை அவர் மேசைமேல் வைத்துத் திறந்தார்.

லீதியாள் பெட்டியைப் பார்த்தாள்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

நடக்கமுடியாத நோயாளிகளுக்குத்தான் அந்தப் பெட்டி வீட்டுக்கு வரும்.

"முன்னூறு பேர் பாக்க விட்டுட்டுப் போனீங்க. இங்க யாரு இருக்கா?"

ஐயர் பெட்டியை மூடினார்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்கம் எழுதிக்கொண்டு போகவில்லை.

பீடத்தில் ஏறினார். லீதியாளைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது, அது பொய் என்றார். அந்தப் பொய்யைத் தொடங்கியது நான், அதை நம்பி அவள் கையைத் தாண்டிப் போனதும் நான் என்றார். அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. கண்ணாடியைக் கழற்றினார். முப்பது வருடத்தில் எந்தச் சபையும் அவர் அழுது பார்த்ததில்லை.

கோயிலில் விசும்பல் கேட்டது. முதலில் பெண்கள் பக்கம். பிறகு ஆண்கள் பக்கமும்.

லீதியாள் வந்திருக்கவில்லை.

ஆராதனை முடிந்து வாசலில் நின்றவரை ஒருவரும் சும்மா தாண்டிப் போகவில்லை. சாலொமோன் சார் கட்டிப்பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு போதகரை இந்தச் சேகரம் கண்டதில்லை என்றார். கிரேஸ் அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யாரோ போனில் பிடித்த வீடியோ மத்தியானத்துக்குள் மூன்று சேகரங்களுக்குப் போய்விட்டது. சாயங்காலம் பக்கத்துச் சேகரத்திலிருந்து கூப்பிட்டார்கள். அவர்களுடைய கன்வென்ஷன் கூட்டத்தில் தாழ்மை என்ற தலைப்பில் பேசவேண்டுமாம்.

ஐயருக்கு நெஞ்சு லேசாக இருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ரசித்துச் சாப்பிட்டார்.

*

பரிபூரணத்துக்கும் செய்தி எட்டியிருந்தது.

"அழுதீங்களாமே."

"ஆமா."

"யாருக்காக?"

"அவளுக்காகத்தான்."

பரிபூரணம் தலையை ஆட்டினார். ஒரு நோயாளியின் கட்டிலில் விரிப்பு மாற்ற வேண்டியிருந்தது. மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்ளும்படி ஐயரிடம் சொன்னார். ஐயர் பிடித்தார். இருவருமாக அந்த அம்மாவைத் திருப்பி, பழைய விரிப்பை உருவி, புதியதை இழுத்துவிட்டார்கள். வேலை முடிந்தது. பரிபூரணம் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஐயர் தன் பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். வேறு யாராவது தன்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் நம்பியிருப்போமா என்று யோசித்தார்.

நம்பியிருக்க மாட்டார்.

கண்ணாடியைக் கழற்றிய நிமிடத்தை நினைத்துப் பார்த்தார். கண்ணீரைத் துடைக்கத்தான் கழற்றினாரா? அவர் ஊர் வந்து சேரும்வரை அதற்குப் பதில் கிடைக்கவில்லை. கன்வென்ஷன்காரர்களைக் கூப்பிட்டு, தன்னால் வர முடியாது என்று சொன்னார். போனை வைத்தபிறகு, அவர்கள் இதையும் தாழ்மை என்று சொல்வார்களே என்று தோன்றியது.

*

அடுத்த மாதம் முதல் ஞாயிறு லீதியாள் வந்தாள்.

அவள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. கிரேஸ் எழுந்துபோய்க் கையைப் பிடித்து அழைத்துவந்து முன்வரிசையில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். ஹெலன் தானே பாட்டுப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவள் கிராதிக்கு வந்து முழங்காலிட்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் நெருக்காமல் தள்ளி நின்றார்கள். அவள் அப்பம் வாங்குவது அவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஐயர் அப்பத்தை எடுத்தார். எல்லோரும் அவளைப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. பிறகு தன்னைப் பார்ப்பதும் தெரிந்தது. பாடகர் குழுவில் இரண்டு பெண்கள் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோய்த் தயாராக வைத்திருந்தார்கள்.

அவள் கையில் அப்பத்தை வைத்தார். அவர் கண் நிறைந்தது. வேண்டாம் என்று நினைத்தார். ஆனாலும் நிறைந்தது.

கோயில் முழுக்க அழுதது. லீதியாள் அழவில்லை. அப்பத்தை வாங்கிச் சாப்பிட்டு, கிண்ணத்தில் குடித்துவிட்டு, எழுந்து போனாள்.

*

புதன்கிழமை காலையில் அவள் ஐயர் வீட்டுக்கு வந்தாள்.

எட்டு மைல் தள்ளி டவுனில் உள்ள கோயிலுக்கு மாறிப்போக வேண்டும், அதற்குச் சபை மாற்றக் கடிதம் வேண்டும் என்றாள்.

ஐயர் அதை எதிர்பார்க்கவில்லை. இப்போது யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். அவரையும் அறியாமல் அவர் மனம் பேர்களை அடுக்கத் தொடங்கியிருந்தது.

"யாரும் ஒண்ணும் சொல்லல ஐயரே. எல்லாரும் நல்லாத்தான் பேசுதாங்க. நாலு வீட்ல இருந்து பலகாரம் வந்துச்சு."

"பின்னே ஏம்மா?"

லீதியாள் கொஞ்சம் யோசித்தாள். அவரைப் புண்படுத்தாமல் சொல்ல வழி தேடினாள் போலும். கிடைக்கவில்லை.

"முன்னால ஒரு மாதிரியாப் பாத்தாங்க. இப்போ, ஐயர் அழுதாரே அந்தப் பொம்பளன்னு பாக்காங்க. ஜெபம் பண்ணக் கண்ண மூடினா, மூடிட்டாளான்னு பாக்காங்க. எனக்குச் சும்மா வந்து உக்காந்துட்டுப் போக ஒரு கோயில் வேணும்."

ஐயர் மேசைக்குப் போனார். சபையின் முத்திரை போட்ட தாளை எடுத்து எழுதினார். வெகுநேரம் எழுதினார். இந்தச் சகோதரி எந்தக் குற்றமும் இல்லாதவர், வீண்பழியைப் பொறுமையாகச் சுமந்தவர், இவர் பட்ட வேதனைக்கு நானே காரணம், இவரைச் சிறப்பாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார்.

லீதியாள் நின்றபடியே கடைசிவரைக்கும் வாசித்தாள். பிறகு தாளை மடிக்காமல் மேசைமேல் திரும்ப வைத்தாள்.

"இத வாசிச்சா அங்கயும் என்னைத் திரும்பிப் பாப்பாங்க."

ஐயர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என் பேரு, ஞானஸ்நானம் எடுத்த தேதி. அது போதும் ஐயரே."

ஐயர் வேறொரு தாளை எடுத்தார்.