தேனுக்கு வாங்கிய உர்சுலா

அந்தக் காலத்தில் கரடிக்கும் மனிதருக்கும் பேச்சு ஒன்றுதான். மலையடிவாரத்து ஊருக்குள் கரடி வந்தால் நாய்கூடக் குரைக்காது, "வாங்கக்கா" என்னும்.

அந்த ஊரில் சந்தியாகு, பிரகாசி என்று ஒரு புருஷன் பெண்சாதி. முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தது. இப்படிப்பட்ட பிள்ளையை யாரிடமாவது ஒரு பிடி தவிட்டுக்கு விற்று, உடனே திரும்ப வாங்கிக்கொள்வது அங்கே வழக்கம். சாவு வந்து கேட்டால், "எங்கள் பிள்ளை இல்லை, விற்றாச்சு" என்று சொல்லிவிடலாமே.

"பக்கத்து வீட்டில் விற்றால் சாவு அங்கேயும் எட்டிப் பார்க்கும். கரடியக்காவிடம் விற்போம். அவளிடம் போய் எவன் கேட்பான்?" என்றான் சந்தியாகு.

குகை வாசலில் பிள்ளையை நீட்டினார்கள்.

"தவிட்டுக்கு நான் எங்கே போக? இந்தா" என்று ஒரு தேனடையைக் கொடுத்தது கரடி.

தேனைக் கண்டால் சந்தியாகுக்கு உலகம் மறந்துவிடும். முழங்கையில் வழிந்ததையும் விடாமல் நக்கி முடித்தான்.

"சரி, பிள்ளையைக் கொடு அக்கா."

"எதற்கு? வாங்கியாச்சே!"

"அய்யோ, அது சும்மா சாத்திரத்துக்கு!"

"சாத்திரத்துக்கா அடையோடு தின்றாய்? தவிடு தந்தால் விளையாட்டு, தேன் தந்தால் வியாபாரம். எனக்கு இரண்டும் ஆண்குட்டி. பெண்ணுக்கு ஏங்கிக் கிடந்தவள் நான். தரமாட்டேன்."

"அந்த நாக்கில் சூடு வைக்க!" என்று புருஷனைத் திட்டி, நியாயம் சொல்லப் பங்குச் சாமியாரைக் கூட்டிவர விரட்டினாள் பிரகாசி. அவள் குகையைவிட்டு அசையவில்லை.

பிள்ளை பசித்து அழுதது. கரடி இலுப்பைப் பூவை ஆட்டிக் காட்டியது, தாலாட்டு மாதிரி ஏதோ உறுமியது. அழுகை கூடியதுதான் மிச்சம். வேறு வழியில்லாமல் பிரகாசியின் மடியில் போட்டது. பிள்ளை பால் குடிக்கிற சத்தம் கேட்டதும் கரடியின் முகம் வாடிவிட்டது.

"கொண்டுபோய்விடுவாய். நாளைக்கு இவள் என்னைப் பார்த்து யாரென்று கேட்பாள்."

"கேட்க மாட்டாள் அக்கா. உன் பேரையே வைக்கிறேன்."

அதற்குள் சாமியார் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"சாமி, உங்க லத்தீன்ல கரடிக்கு என்ன பேரு?" என்றாள் பிரகாசி.

"உர்சா. சின்னப் பெண்கரடி என்றால் உர்சுலா. அந்தப் பேரில் ஒரு புனிதையும் உண்டு. தாராளமாக வைக்கலாம்."

"உர்ர்ர்சுலா" என்று சொல்லிப் பார்த்தது கரடி. தொண்டைக்குச் சுகமாக இருந்தது. இன்னொரு தரம் சொன்னது. "சரி, உன் வீட்டிலேயே வளரட்டும். ஆனால் ஞானஸ்நானத்துக்கு நான்தான் ஞானத்தாய். நான்தான் தூக்கிப்போவேன்."

பிரகாசி அதன் நீண்ட நகங்களைப் பார்த்துத் தயங்கினாள். கரடிக்குப் புரிந்தது. குனிந்து, "முதுகில் கட்டு" என்றது. பிரகாசி பிள்ளையைச் சீலையால் கட்டி, ஒரு கையால் பிடித்தபடி கூடவே நடந்தாள்.

அதுவரை கரடிக்குட்டிகள் தாய்க்குப் பின்னால் நடந்துதான் போகும். "வாங்கின பிள்ளைக்குச் சவாரி, பெத்த பிள்ளைக்கு நடையா?" என்று இரண்டும் கோயில்வரை முனகிக்கொண்டே வந்தன. திரும்பும்போது முதுகு காலியானதுதான் தாமதம், தாவி ஏறிவிட்டன. இறங்கவே இல்லை.

அன்றிலிருந்துதான் கரடி தன் குட்டிகளை முதுகில் சுமக்கிறது. அந்த அடிவாரத்திலும் பெண் பிறந்தால் உர்சுலா என்று பேர் வைத்து, மலைக்குக் கேட்கிற மாதிரி ஒரு தரம் உரக்கக் கூப்பிடுகிறார்கள்.