பல்லி ஏன் உச்சுக் கொட்டுகிறது

அந்தக் காலத்தில், பிராணிகளெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, பல்லிக்கும் பேச்சு நன்றாகவே வந்தது. ஏரி மதகின் கல்லிடுக்கில் அது இரண்டு முட்டை இட்டிருந்தது. பல்லி முட்டை கல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஆபத்து என்றால் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, ஒரு காலையில் மதகோரம் கரை கசிந்தது. கரைக்குள் ஒரு பூதம் படுத்திருக்கிறது, கசிவு அதன் வியர்வை, வியர்த்தால் அது புரளப்போகிறது என்று அர்த்தம், உடனே மண்ணை அப்பிச் சாந்தப்படுத்த வேண்டும் என்பது வழிவழியாக வந்த கதை. பல்லி பன்றியிடம் ஓடியது.

"அண்ணே, பூதத்துக்கு வேர்க்குது. சீக்கிரம் வாங்க."

பாவம், பன்றியும் வாய் நிறையச் சேற்றைக் கவ்விக்கொண்டு வந்துவிட்டது. அங்கேதான் ஆந்தை குறுக்கே விழுந்தது.

"பூதமாவது மண்ணாங்கட்டியாவது. நண்டு வளை தோண்டியிருக்கு, அது வழியா தண்ணி வருது. ஒண்ணும் தெரியாத காலத்துல கட்டுன கதையை இன்னுமா நம்புறீங்க?"

மயிலுக்குப் பொறுக்கவில்லை. "கதை தண்ணியைப் பத்தினதே இல்ல. பூதம்னா நம்ம மனசுல இருக்கிற பயம்."

"எதுக்குச் சண்டை?" என்றது ஆமை. "நண்டைத்தான் நம்ம முன்னோர் பூதம்னு சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு அப்பவே எல்லாம் தெரியும்."

இப்படியே பொழுது போனது. எதற்கு அப்புகிறோம் என்று முடிவாகாமல் அப்பக் கூடாது என்பதில் மட்டும் மூவரும் ஒன்றாக இருந்தார்கள். பன்றி வாய்ச் சேற்றோடு அப்படியே நின்றது.

பல்லிக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. "பூதமோ நண்டோ, மண்ணை அப்பணும்னுதானே ரெண்டும் சொல்லுது? முதல்ல அடைங்க சாமி. அப்புறம் வருஷம் பூரா பேசுங்க. என் பிள்ளைங்க உள்ள இருக்கு."

"அதெப்படி?" என்று ஆந்தை மறுபடி ஆரம்பித்தது. கசிவு அதற்குள் கை கனத்துக்கு வந்துவிட்டது. சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பல்லி, வெறுத்துப்போய், 'ச்ச், ச்ச்' என்று உச்சுக் கொட்டியது.

சபை கப்சிப் ஆனது.

"கேட்டீங்களா? தெற்கேயிருந்து," என்றது ஆமை.

"தெற்குன்னா நல்லதா, கெட்டதா?" என்றது ஆந்தை.

பன்றிகூடச் சேற்றைக் கீழே துப்பிவிட்டு, "ரெண்டு தடவை கொட்டிச்சே, அதுக்கு என்ன பலன்?" என்று கேட்டது.

பலன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரை உடைந்தது. மதகுக் கல்லோடு முட்டைகளும் போயின. மற்றவர்கள் மேட்டில் ஏறி நின்று, புரண்டது பூதமா, பெருத்தது வளையா என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

அன்று முதல்தான் பல்லி பேச்சை அடியோடு விட்டுவிட்டு, நாம் வாதாடும்போது சுவரிலிருந்து உச்சு மட்டும் கொட்டுகிறது. நாமும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு, எந்தத் திசை, என்ன பலன் என்று பார்க்கிறோம்.