வந்தவரைத் திருப்பிக் கொடுக்கப் போன கதை

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாத்திர வாடகைக் கடை ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிற மூன்று பேரையும் முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எதிர்க்கடைக்காரன் நான், நாளைப் பின்னே அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டும். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே ஒரு பேர் வைத்துக்கொள்ளுங்கள்.

மூத்தவர் சொரிமுத்து அண்ணாச்சி. மூன்று பேருக்கும் சேர்த்து யோசிப்பது அவர் பொறுப்பு. அடுத்தவன் அவர் தம்பி தவசி. எதற்கெடுத்தாலும் கண் கலங்குவான். மூன்றாவது ஆள் அவர்களுடைய அத்தை மகன் கொம்பையா. அவனுக்குச் சந்தேகம் வரும், வந்தால் லேசில் போகாது. மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. கடை முன்னால், குடோன் நடுவில், வீடு பின்னால் என்று எல்லாம் ஒரே கட்டடம். வீட்டு வாசல் மட்டும் பின் தெருவைப் பார்த்துத் திறக்கும்.

எனக்குத் தையல் கடை. கண் ஊசியில் இருந்தாலும் காது எதிர்த்தாப்பில்தான் இருக்கும்.

வாடகைக் கடைக்கு ஒரே ஒரு சட்டம். பாத்திரத்தை எப்படி எடுத்துக்கொண்டு போனாயோ அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டும். நசுங்கக் கூடாது, ஓட்டை விழக் கூடாது. கல்யாண வீட்டிலிருந்து வரும் ஒவ்வொரு அண்டாவையும் சொரிமுத்து அண்ணாச்சி தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வைப்பார். அவருக்குத் தெரிந்த வேதம் அது ஒன்றுதான்.

இந்த லட்சணத்தில் ஒரு நாள் காலையில் ஜெபராணி டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கினார். பள்ளிக்கூட வேலையிலிருந்து ரிட்டயர் ஆனபிறகு, அநாதையாகத் திரிகிற நாய்களை எடுத்து வைத்தியம் பார்த்து, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பதுதான் டீச்சருக்கு வேலை. ஆட்டோவில் ஒரு ஓரமாக டீச்சர் ஒண்டிக்கொண்டிருந்தார். மிச்ச இடம் பூராவும் நாய். கன்றுக்குட்டி உயரம் இருக்கும். ஆனால் எலும்பும் தோலும்.

"யாரோ பங்களாவில் வளர்த்துட்டு, வீடு மாறும்போது நடுரோட்டுல இறக்கி விட்டுட்டுப் போயிருக்காங்க அண்ணாச்சி. என் இடத்துல நிக்கக்கூட இடமில்ல. நல்ல வீடு கிடைக்கிற வரைக்கும் உங்க குடோன்ல வச்சுக்கிடுங்க. கிடைச்சதும் நானே வந்து வாங்கிக்கிடுதேன்."

"வாடகைக்கா டீச்சர்?"

"ஐயோ, வாடகையெல்லாம் இல்ல. கொஞ்ச நாள் வச்சிருந்து திருப்பிக் கொடுக்கணும், அவ்வளவுதான்."

"எங்க கடையில அதுக்குப் பேருதான் வாடகை டீச்சர்," என்றார் அண்ணாச்சி.

டீச்சருக்குக் குடோனைத் தெரியும், ஆட்களைத் தெரியாது. அதனால் நிதானமாக நின்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பேர் வைக்காதீங்க, எடுத்து வளர்க்கப் போறவங்க வைக்கட்டும். பயந்த பிள்ளை, பழகுற வரைக்கும் கண்ணுக்குக் கண் பார்க்காதீங்க. சாப்பிடும்போது ஒருத்தரும் கிட்ட போகக் கூடாது. நடக்கக் கூட்டிட்டுப் போகும்போது கயிற்றை இழுத்தா அப்படியே நின்னுருங்க, இழுக்கிறதை விட்டபிறகுதான் நடக்கணும்.

"கண்ட வீட்டுக்கும் கொடுத்துர மாட்டீங்களே டீச்சர்?" என்று கேட்டான் கொம்பையா.

"கொடுப்பேனா? வீட்டை நேர்ல போய்ப் பார்க்கணும். எந்நேரமும் ஆள் இருக்காங்களா, வேற முரட்டு நாய் கீய் இருக்கா, எல்லாம் பார்த்துட்டுத்தான் கொடுக்கிறது."

டீச்சர் போனதும் அண்ணாச்சி நாயைச் சுற்றி வந்தார். முதுகைத் தட்டினார். விலாவில் காதை வைத்துக் கேட்டார்.

"விலா எலும்பு வெளிய தெரியுது. பின்னங்கால் நொண்டல். வாலு ஆடல. நல்லாப் பாத்துக்கிடுங்கடே, இதெல்லாம் வரும்போதே இருந்தது. நாளைக்கு நம்ம தலையில விழக் கூடாது."

பேர் வைக்கக் கூடாது என்று உத்தரவு. பிறகு எப்படிக் கூப்பிடுவது? மத்தியானம் வரை விவாதம் நடந்தது. கடைசியில், வந்திருக்கிறவர் என்பதால் 'வந்தவரு' என்று மரியாதையாகச் சொல்வது, அது பேரில் சேராது என்று தீர்மானம் ஆனது.

கண்ணைப் பார்க்கக் கூடாது என்ற உத்தரவைத்தான் முதலில் நிறைவேற்றினார்கள். வந்தவரு எந்தப் பக்கம் படுத்திருக்கிறாரோ அந்தப் பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்கள். குடோனில் பின்னால் நடந்தால் என்ன ஆகும்? தவசி இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்தான். கொம்பையா அடுக்கி வைத்த தாம்பாளத்தில் மோதினான். அந்தச் சத்தத்தில் என் மெஷினில் நூல் அறுந்துபோனது. வாடிக்கைக்காரர் ஒருவர் பந்தி ஜமுக்காளம் கேட்டு வந்தார். மூன்று பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்கள்.

"என்ன அண்ணாச்சி, எம்மேல எதுவும் கோவமா?"

"உம்ம மேல என்ன கோவம்? உமக்குப் பின்னால ஒருத்தரு படுத்திருக்காரு. அவரு கண்ணைப் பாக்கக் கூடாது."

அவர் திரும்பிப் பார்த்தார். ஜமுக்காளம் வாங்காமலேயே ஓடினார்.

சாப்பாடு அதைவிடக் கூத்து. அந்தக் கடையில் இருக்கிறதிலேயே சின்னப் பாத்திரம் ஐம்பது பேருக்குச் சமைக்கிறது. அண்டாவில் சோறும் எலும்புக்கறியும் பொங்கினார்கள். வந்தவரு சாப்பிட்டு முடிக்க நேரம் பிடித்தது. அதுவரை ஒருத்தரும் கிட்ட போகக் கூடாதே? கடை வாசலில் பெஞ்சைக் குறுக்கே போட்டுக்கொண்டு மூவரும் காவல் உட்கார்ந்தார்கள். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வேனோடு வந்து நின்றார்கள்.

"பாத்திரத்தை ஏத்துங்கய்யா, பந்திக்கு நேரமாச்சு!"

"கொஞ்சம் பொறுங்க. உள்ள ஒருத்தரு சாப்பிடுதாரு."

"யாரு?"

"பேரு இன்னும் வைக்கல."

அன்றைக்கு அந்தக் கல்யாணத்தில் சாம்பாரைப் பிளாஸ்டிக் வாளியில்தான் ஊற்றினார்களாம். மாப்பிள்ளையின் தாய்மாமன் இன்றுவரை இந்தத் தெரு வழியாக வருவதில்லை.

பிறகு நடை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூவரும் பஸ் ஸ்டாண்டு ரோட்டில் இறங்கினார்கள். வந்தவருக்கு ஆட்டுக்கறிக் கடை வாசனை எட்டிவிட்டது. இழுத்தார். நின்றார்கள். அவர் விடாமல் இழுத்தார். இவர்கள் விடாமல் நின்றார்கள். பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. டிரைவர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை.

"ஓரமாப் போங்கய்யா!"

"இழுக்கும்போது நடக்கக் கூடாது அண்ணாச்சி," என்று பொறுமையாக விளக்கினான் தவசி. "இவரு இழுக்கிறதை விட்டதும் போயிருவோம்."

கடைசியில் கறிக்கடைக்காரரே ஒரு எலும்பைக் கொண்டுவந்து கொடுத்து மூன்று பேரையும் மீட்டுவிட்டார்.

சிரிக்கிறோம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த நாய்க்கு அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. இடியும் மழையுமாக இருந்த அன்று வந்தவரு நடுங்கினார் என்று, தவசி அவரோடு சேர்ந்து பந்தி மேசைக்கு அடியில் படுத்துக் கிடந்தான். சொரிமுத்து அண்ணாச்சி தன் துண்டால் அவர் காதைத் துடைத்துவிட்டதை நானே பார்த்தேன். சொந்தத் தம்பிக்குக்கூட அந்த மனுஷன் அப்படிச் செய்ததில்லை. போகப் போக வந்தவரு மினுமினுவென்று ஆகிவிட்டார். நொண்டல் போயிற்று. வாலை ஆட்டினால் குடோனில் டம்ளர்கள் உருண்டன.

அங்கேதான் வினை பிடித்தது. டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"நல்ல இடம் ஒண்ணு வந்திருக்கு அண்ணாச்சி. தோட்டம் துரவு உள்ள வீடு. வீட்டைப் பார்த்துட்டேன், அருமையா இருக்கு. நாளைக்குக் காலையில வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாரேன்."

போனை வைத்ததும் அண்ணாச்சி முகம் இருண்டுவிட்டது. வந்தவரை நிறுத்தித் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார்.

"ஏலே, மோசம் போயிட்டோம். விலா எலும்பு எங்க?"

"உள்ள போயிட்டுண்ணே," என்றான் கொம்பையா.

"வரும்போது வெளிய இருந்துச்சே! நொண்டல் எங்க?"

"அதுவும் போச்சு."

"கெடுத்துட்டீங்களேடே! எப்படி வாங்கினோமோ அப்படித்தானே கொடுக்கணும்? டீச்சரு தட்டிப் பாத்துட்டு, 'என் நாயை என்னய்யா பண்ணி வச்சிருக்கே'ன்னு கேட்டா மூஞ்சியை எங்க கொண்டுபோய் வைக்க?"

தவசிக்கு அந்தக் கவலை இல்லை. அவன் வந்தவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். "நாளைக்கு இந்நேரம் இவரு இங்க இருக்க மாட்டாருண்ணே. எனக்கு நெஞ்சை அடைக்கு." அண்ணாச்சி தன் துண்டால் வந்தவரின் காதை இன்னொரு தடவை துடைத்துவிட்டார்.  ஆனாலும் கடை கடைதான், சட்டம் சட்டம்தான்.

மறுநாள் காலையில் ரிப்பேர் வேலை தொடங்கியது. அடுப்புக்கரியை எடுத்து வந்தவரின் இரண்டு பக்கமும் விலா எலும்பு வரைந்தார்கள். கொம்பையாவுக்குச் சந்தேகம்: எலும்பு வளைந்து இருக்குமா, நேராக இருக்குமா? தவசியின் சட்டையைக் கழற்றித் தடவிப் பார்த்து, அதைப் பார்த்தே வரைந்தார்கள். அடுத்தது நொண்டல். சொல்லிக் கொடுத்தால் வந்தவருக்குப் புரியவில்லை. சரி, செய்து காட்டுவோம் என்று மூவரும் வரிசையாக அவர் முன்னால் நொண்டினார்கள். அவருக்கு ஒரே குஷி. வாலை ஆட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றித் துள்ளினார். வாலை ஆட்டக் கூடாதே என்று அண்ணாச்சி வாலைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கோலத்தில்தான் கார் வந்து நின்றது.

டீச்சர் இறங்கினார், பின்னாலேயே தோட்டத்துக்காரரும் இறங்கினார். நொண்டி நொண்டி வரும் இரண்டு பேரைப் பார்த்தார். ஒருவனுக்குச் சட்டை இல்லை. பின்னால் கோடு போட்ட ஒரு நாய், அதன் வாலைப் பிடித்தபடி நொண்டிக்கொண்டு ஒரு பெரிய மனுஷன்.  தோட்டத்துக்காரர் திரும்பிக் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

டீச்சர் அங்கேயே நின்றார். வந்தவரின் விலாவில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். விரல் கறுப்பானது.

"எதுக்குய்யா இது?"

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் தவசி மறுபடியும் அழ ஆரம்பித்துவிட்டான். டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சொன்னார்:

"இவ்வளவு பிரியம் வச்சிருக்கிற நீங்களே எடுத்துக்கிட்டா என்ன?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இப்படி ஒரு வழி இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. தவசி டீச்சர் காலில் விழப் போனான். கொம்பையாதான் தடுத்தான்.

"பொறுடே. வீட்டைப் பாக்காம எப்படிக் கொடுக்கிறது? டீச்சரே சொல்லியிருக்காவ."

"நியாயம்," என்றார் அண்ணாச்சி. "நம்ம வீடுன்னு சலுகை காட்டக் கூடாது. பிள்ளை வாழப் போற இடம்."

டீச்சர் அலுத்துப்போனார். "சரி, போய்ப் பார்த்துட்டு வாங்க. நான் இங்கேயே இருக்கேன்."

பார்க்கப் போகும்போது வந்தவரைக் கூட்டிக்கொண்டு போகலாமா? வீடு சரியில்லை என்றால் பாவம் ஏங்கிப்போவார். அதனால் அவரை உள்ளே விட்டுக் கடைக் கதவைச் சாத்திவிட்டு, மூவரும் சட்டை மாற்றிக்கொண்டு, தெருவைச் சுற்றிப் பின் தெருவுக்குப் போனார்கள். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போனேன். சும்மா சொல்லக் கூடாது, அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவ்வளவு மரியாதையாக நின்றார்கள்.

அண்ணாச்சி கதவைத் தட்டினார். யாரும் திறக்கவில்லை.

"வீட்ல ஆள் இல்ல," என்றான் கொம்பையா. "எந்நேரமும் ஆள் இருக்கணும்னு டீச்சரு சொன்னாவளே."

"இன்னொரு தடவை தட்டிப் பாப்போம். குளிச்சிட்டு இருப்பாவ."

பலமாகத் தட்டினார். உள்ளேயிருந்து கதவு அதிர ஒரு குரைப்பு வந்தது. மூவரும் தெருவுக்குத் தாவி இறங்கினார்கள்.

"ஏ ஆத்தாடி! உள்ள நாய் இருக்குடே!"

"சத்தத்தைப் பாத்தா கன்னுக்குட்டி உசரம் இருக்கும் போலிருக்கேண்ணே."

"நம்ம வந்தவரு பயந்த சுபாவம். இதுகிட்ட மாட்டினா என்ன ஆவாரு?"

வேறு பேச்சே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். தவசி மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். பையிலிருந்த பிஸ்கட்டைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்திருந்தான்.

டீச்சர் முன்னால் வந்து நின்று அண்ணாச்சி கண்டிப்பாகச் சொன்னார்:

"அந்த வீடு ஆகாது டீச்சர். ஆளும் இல்ல, உள்ள ஒரு முரட்டு நாய் வேற. வேற நல்ல இடம் அமையிற வரைக்கும் வந்தவரு எங்ககிட்டயே இருக்கட்டும்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். "சரி அண்ணாச்சி," என்றார் டீச்சர், "உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவர் ஆட்டோவில் ஏறும்போது தவசி ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"டீச்சர், அந்த வீட்டு நாயை நினைச்சா மனசு கேக்கல. பூட்டிப் போட்டுட்டு எங்கயோ போயிருக்கானுவ, அவனுவளும் மனுசனுவளா? அதையும் எப்படியாவது மீட்டுக் கொண்டாந்துருங்க, நாங்க வச்சுக்கிடுதோம். இப்பவே அண்டாவுல அதுக்கும் சேத்து அரிசி போட்டுருதோம்."