எல்லா போனுக்கும் ஒரு யானை

அம்பாசமுத்திரத்தில் ஆவுடையப்பன் அண்ணாச்சி வைத்திருந்த பிளக்ஸ் கடையில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். படம் வரையப் பூரணி. கம்ப்யூட்டரைத் தட்டக் கோமதிநாயகம். இவர்கள் செய்வதெல்லாம் சரிதானா என்று யோசிக்கச் சுடலைமணி. அண்ணாச்சியையும் சேர்த்து எல்லோருமே நல்லவர்கள், சொன்ன சொல் தட்டாதவர்கள். அவர்களிடம் பயப்பட வேண்டிய குணம் அது ஒன்றுதான்.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு வைத்த பிளக்ஸ் ஒன்றில் பூரணி வரைந்த யானை நின்றிருந்தது. அருவியில் குளிக்க வந்த ரெஹானா மேடம் அதைப் பார்த்துக் காரை நிறுத்தினார். சென்னையில் செல்போன் விளையாட்டு தயாரிக்கிறவர் அவர். யானை ஒன்று ஆற்றைக் கடந்து தேங்காய் பொறுக்குகிற விளையாட்டைப் பாதி முடித்து வைத்திருந்தார், யானைதான் அமையவில்லை. ரோட்டில் நின்றபடியே வேலையை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கல்யாண வீட்டுக்காரர்கள் பிளக்ஸ் வைப்பதை விட்டுவிட்ட காலம் அது. இந்த வேலையும் போனால் கடைக்குப் பூட்டுதான். போதாததற்கு, "பொங்கலுக்கு நம்ம யானை ஒவ்வொருத்தன் போன்லயும் நடக்கப் போவுது" என்று அண்ணாச்சி கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

மேடம் போனில் பொறுமையாக விளக்கினார். "ஒவ்வொரு போனுக்கும் திரை ஒவ்வொரு அளவு. யானை எல்லாத்துலயும் பளிச்சுன்னு தெரியணும். அதனால ஒரு மடங்கு, ரெண்டு மடங்கு, மூணு மடங்குன்னு மூணு விதமா அனுப்புங்க. சாதாரண போனுக்கு முதலாவது. உசத்தி போனுக்கு மூணாவது."

போனை வைத்ததும் ஆலோசனை தொடங்கியது.

"மூணு மடங்கு யானைன்னா என்னது?" என்றான் கோமதிநாயகம். 

"ஒரு யானைக்கு மூணு மடங்கு மூணு யானை. இதுல என்னடே சந்தேகம்?" என்றான் சுடலைமணி.

பூரணிக்கு மனசு கேட்கவில்லை. "அப்ப சாதாரண போன் வச்சிருக்கவனுக்கு ஒத்த யானைதானா? பாவம்லா?"

"வெல கூடுன போனை ஒருத்தன் எதுக்கு வாங்குதான்? ரெண்டு யானையாவது கூட வரணும்லா," என்று அண்ணாச்சி தீர்த்து வைத்தார்.

படங்கள் போன கொஞ்ச நேரத்தில் மேடம் கூப்பிட்டார். "அண்ணாச்சி, என் போன்ல மூணு யானை வருது. ஒரே தேங்காய்க்கு மூணும் முட்டிக்கிட்டு நிக்குது."

"பரவால்லயே, உசத்தி போனால்லா வச்சிருக்கீய!" என்று அண்ணாச்சி மனதாரப் பாராட்டினார்.

மேடம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். யானை ஒன்றுதான், அளவுதான் மூன்று என்று புரியவைத்தார். கடைசியில், "சின்னதா வரைஞ்சு பெரிசாக்குனா படம் உடைஞ்சிரும். உடையாமப் பாத்துக்கோங்க," என்றார்.

படம் எங்கே உடையும் என்று கடையில் யாருக்கும் தெரியவில்லை. சுடலைமணி கண்ணை மூடி யோசித்துவிட்டு, "வழியிலதான் உடையும்," என்றான். "ரோட்டோரமா இழுத்திருக்க வயர் வழியாத்தானே போவுது? ரோடு கிடக்க லட்சணத்துக்கு உடையாம என்ன செய்யும்?"

கம்ப்யூட்டரைச் சுற்றி வைக்கோல் திணித்தார்கள். இன்டர்நெட்டையும் வேகம் குறைந்த இணைப்புக்கு மாற்றினான் கோமதிநாயகம். "மெதுவாப் போகட்டும், யானை அசைஞ்சு அசைஞ்சுதான் போகும்," என்றான். யானை முழுசாகப் போய்ச் சேர்ந்தது. பூரணி பிளக்ஸ் பழக்கத்தில் அதைக் கல்யாண மண்டபத்தையே மறைக்கிற அளவுக்கு வரைந்திருந்ததுதான் காரணம். ஆனால் மேடம் "சூப்பர், உடையவே இல்ல" என்று சொன்னதும், அண்ணாச்சி இன்னும் ரெண்டு கட்டு வைக்கோல் வாங்கிப் போடச் சொன்னார்.

தைரியம் வந்து மேடம் அடுத்ததைச் சொன்னார். அவர் செய்த தப்பு அதுதான். "இப்ப மொத்தக் காட்சியையும் வரையுங்க. சில போன்ல ஓரம் வெட்டுப்படும், அதனால முக்கியமானதையெல்லாம் நடுவுல வச்சிருங்க. அப்புறம், திரைக்கு மேல கேமராவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். யானை தலை அதுக்குள்ள போயிரக் கூடாது."

எது முக்கியம் என்பதில் பெரிய விவாதம் நடந்தது.

"யானை முக்கியம். தேங்கா முக்கியம். ஆறும் வேணும்," என்றான் கோமதிநாயகம். "சூரியன் ஓரத்துல கிடக்கட்டும்."

சுடலைமணி எழுந்தே நின்றுவிட்டான். "சூரியனை வெட்டுனா பரவால்லயா? நாளைக்குத் துணி எப்படிடே காயும்?"

எல்லாமே முக்கியம் என்று முடிவானது. ஆற்றின் மேல் தென்னை, தென்னையின் மேல் யானை, யானை முகத்தின் மேல் சூரியன் என்று எல்லாவற்றையும் நட்டநடுவில் வைத்தார்கள். சுற்றிலும் வெறும் வெள்ளை. யானையின் வால் மட்டும் கொஞ்சம் தெரிந்தது.

கேமரா ஓட்டைக்கும் வழி செய்தார்கள். பூரணி அதைச் சுற்றி முள்வேலி வரைந்து, 'ஆபத்து! யானைகள் இங்கே வர வேண்டாம்' என்று பலகையும் மாட்டினாள்.

"யானைக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று அண்ணாச்சிக்குச் சந்தேகம்.

"எம்.ஏ. படிச்ச புள்ள வரைஞ்ச யானை அண்ணாச்சி. அதெல்லாம் தெரியும்," என்றான் சுடலைமணி.

படம் போய்ச் சேர்ந்தது. போன் அடித்தது. அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார்.

"அண்ணாச்சி," என்றார் மேடம். "நான் ஒரு கல்யாணத்துக்குத் திருநெல்வேலி வந்திருக்கேன். இப்பவே கிளம்பி அங்க வர்றேன். நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிடுதேன்." போனை வைத்துவிட்டார். நொந்துபோன மேடத்துக்கு நெல்லைப் பேச்சே வந்துவிட்டிருந்தது.

நான்கு பேரும் சட்டென்று கைகளைத் தூக்கிக்கொண்டார்கள்.

"தரையைத் தொட்டுக்கிட்டுல்லா நிக்கோம்?" என்று பதறினாள் பூரணி.

"கால் பட்டா மிதிக்கது. கை பட்டாத்தான் தொடுதது," என்றான் சுடலைமணி. எல்லோருக்கும் உயிர் வந்தது. அண்ணாச்சிக்கு மட்டும் மூக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கடை பிழைக்க வேண்டுமே!

வெகுநேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. ஏசி ஓடியதால் கதவை உள்ளே தாழ் போட்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, கதவைத் திறங்க!"

"திறக்கணும்னா தாழ்ப்பாளைத் தொடணுமே," என்றார் அண்ணாச்சி. "மேடம் வர்ற வரைக்கும் எதையும் தொடக் கூடாதுன்னு உத்தரவு."

"நான்தாங்க மேடம்! வந்துட்டேன்!"

உள்ளே கைகளைத் தூக்கியபடியே ஆலோசனை நடந்தது.

"கதவைத் திறந்து பாத்தாத்தானே அவங்களான்னு தெரியும்?" என்றான் கோமதிநாயகம்.

"அவங்கதான்னு தெரிஞ்சாத்தானே கதவைத் திறக்கலாம்?" என்றான் சுடலைமணி.

"குரல் மேடம் குரல் மாதிரிதான் இருக்கு," என்றாள் பூரணி.

"போன்ல கேட்ட குரல் இவ்வளவு பெரிசா இல்லயே," என்றார் அண்ணாச்சி.

வெளியே நின்ற ரெஹானா மேடம் கொஞ்ச நேரம் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து அண்ணாச்சியின் நம்பரைப் போட்டார். உள்ளே மேஜையில் போன் அடித்தது. நான்கு பேரும் தொடாமல் குனிந்து பார்த்தார்கள். திரையில் மேடத்தின் பெயர்.

அண்ணாச்சி கதவுப் பக்கம் திரும்பி, மரியாதை குறையாமல் குரல் கொடுத்தார்:

"அம்மா, வெளிய நிக்கது யாரா இருந்தாலும் கொஞ்சம் சத்தம் போடாம இருங்க. எங்க மேடம் போன் பண்ணுதாங்க!"