தேதி விட்டுப்போன செய்தி

"என் கம்ப்யூட்டர்ல ஓடுது டீச்சர். இந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்லயும் ஓடுது. எர்ரர் ஒண்ணுமில்ல. அப்புறம் ஏன் எல்லாரும் என்னைய ஏசுதாங்க?"

கேட்டவர் திருமேனி. முப்பது வருஷம் தமிழாசிரியர். ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்கமாட்டாமல், கண் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு, நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் நிரலை எழுதிக்கொடுத்திருந்தார்.

நிரல் எழுதச் சொல்லித்தந்தவள் அங்கே வேலை பார்க்கும் ஜெபக்கனி. அவருடைய மகள் வயதுதான். அன்று காலையிலிருந்து அவளிடம் குறை சொல்லி வந்த பதினோராவது ஆள் இவர். அலுத்துப்போயிருந்தாள்.

"தேதியை எங்கேருந்து எடுக்கீங்க ஐயா?"

"சூழல் மாறியிலேருந்து. அந்தந்தக் கம்ப்யூட்டர்ல முன்கூட்டியே எழுதிவைக்கிறதுதானே. என்னோடதுல எழுதி வச்சிருக்கேன்."

"இதுல?"

திருமேனி யோசித்தார்.

"இல்லைன்னா அதுவே சொல்லணும்லா?"

ஜெபக்கனி கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"மணி. அடித்தது. சேருங்க."

"மணியடித்தது."

"நடுவுல யகரத்தை யாரு போட்டா?"

"யாரும் போடவேண்டாம். உடம்படுமெய். தானா வரும்." வகுப்பறைக் குரல் வந்துவிட்டது அவருக்கு.

"இங்க எதுவும் தானா வராது ஐயா. ஒண்ணுமில்லாததைக் கொடுத்தா, அதையும் சேர்த்து ஒட்டிரும். வாயே திறக்காது."

"சரி, ஒரு தேதி விட்டுப்போச்சு. அதுக்கா இம்புட்டு ஏச்சு?"

அதற்குமேல் பேச அவளுக்குத் தெம்பில்லை. எழுந்து வெளியே நடந்தாள். அவரும் பின்னாலேயே போனார்.

நோயாளிகள் வரிசையில், கடைசி பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் இட்லிப் பொட்டலம், பிரிக்காமல் இருந்தது.

"செண்பகவடிவக்கா, அந்த மெசேஜை சார்ட்ட காட்டுங்க."

திருமேனி வாங்கிப் படித்தார்.

'தங்களுக்குக் கண் அறுவை சிகிச்சை அன்று நடைபெறும். காலையில் வெறும் வயிற்றில் வரவும்.'

அவர் எழுதிய வாக்கியம்தான். ஒற்றுப்பிழைகூட இல்லை.

"எப்பம்மா வந்தீங்க?"

"முந்தாநாளு வந்தேன் சார். இன்னைக்கு இல்லைன்னு அனுப்பிட்டாவ. நேத்தும் வந்தேன். என்னைக்குன்னு கேட்டா, மெசேஜைப் பாருங்காவ."

"சாப்பிட்டீங்களா?"

"தேதி போடலையே சார். அதான் தெனமும் சாப்பிடாமலே வந்துருதேன்."